மந்த வாயுக்கள்: தாமதமாகத் தெரியவந்த தனிமக் குடும்பம்

மந்த வாயுக்கள் எனப்படுபவை தனிம வரிசை அட்டவணையின் 18ஆம் தொகுதியைச் சேர்ந்த ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் ஆகியவை. நிறமும் மணமும் அற்றவை. தனித்தனி அணுக்களாகவே உலவுபவை. பிற தனிமங்களோடு எளிதில் சேராதவை. இலங்கைப் பாடநூல்களில் இவை விழுமிய வாயுக்கள்.

குணம் ஒத்த தனிமங்களை ஒரு குடும்பமாகப் பார்க்கும் வழக்கம் இவற்றின் கண்டுபிடிப்புக்கு முந்தியது. 1829இல் ஜெர்மானிய வேதியியலாளர் டோபரைனர் லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்றும், குளோரின், புரோமின், அயோடின் என்றும் மும்மூன்றாக அடுக்கினார். 1869இல் மெண்டலீவ் தம் அட்டவணையை வெளியிட்டபோது, இனிமேல் கண்டுபிடிக்கப்படவேண்டிய தனிமங்களுக்கும் இடம் விட்டுவைத்தார். மந்த வாயுக்களுக்கு மட்டும் அதில் ஓர் இடமும் இல்லை. ஓர் உறுப்பினராவது தெரிந்திருந்தால்தானே குடும்பம் உண்டென்று ஊகிக்க முடியும்?

தடயங்கள் இல்லாமல் இல்லை. 1785இல் கேவண்டிஷ் காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜனை நீக்கியபோது, அதில் 120இல் ஒரு பங்குக்கு மேற்படாத ஒரு குமிழி கரையாமல் எஞ்சியது. நூறாண்டுக்கு மேல் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் முகாமிட்டிருந்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், சூரிய விளிம்புச் சுவாலைகளின் ஒளிக்கோடுகளைக் கண்டார். அவற்றுள் மஞ்சள் கோடு சோடியத்துடையதன்று என்பதை இங்கிலாந்தில் லாக்யர் உறுதிசெய்து, அது புதிய தனிமம் என்றார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்று பெயரும் வந்தது. வேதியியலாளர் பலர் நம்பவில்லை.

கதவைத் திறந்தது ஒரு தராசு. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், சேர்மங்களிலிருந்து பெற்றதோ 1.2505 கிராம். அரை சதவீத வேறுபாடுதான். எடைபோட்டவர் ராலே பிரபு. பிழை என்று ஒதுக்கிவிடாமல் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்தார். 1892இல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதி மற்றவர்களிடமும் விளக்கம் கேட்டார். இந்த வரலாற்றில் மிகவும் போற்றத்தக்க செயல் இதுவே. விளக்கம் தேடி, பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின்மீது காற்று நைட்ரஜனைச் செலுத்திய வேதியியலாளர் ராம்சே, எஞ்சியதன் நிறமாலையில் எவரும் அறியாத கோடுகளைக் கண்டார். 1894இல் அறிவிக்கப்பட்ட அந்த வாயுவுக்குச் சோம்பேறி என்னும் பொருளில் ஆர்கான் என்று பெயர். நாம் விடும் மூச்சிலும் இழுக்கும் மூச்சிலும் ஏறத்தாழ ஒரு சதவீதம் அதுதான்.

மெண்டலீவ் தயங்கினார். அணு எடை வரிசையில் அமைந்த அவர் அட்டவணையில் அது பொருந்தவில்லை: ஆர்கானின் அணு எடை 40, பொட்டாசியத்துக்கோ 39. மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்ததே ஆர்கான் என்றுகூட அவர் கருதினார். ஆனால் 1895இல் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து ஹீலியத்தையும் எடுத்துக்காட்டினார். இரண்டு கிடைத்தபின் மற்றவை எங்கே என்ற கேள்வி எழுந்தது. அவரும் டிராவர்ஸும் திரவக் காற்றைப் பகுதி பகுதியாக ஆவியாக்கி, 1898இல் சில வாரங்களுக்குள் கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் பிரித்தனர். இதே டிராவர்ஸ்தான் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர். மெண்டலீவும் மனம் மாறி, குடும்பத்துக்குச் சுழியத் தொகுதி என்று இடமளித்தார்.

வினைபுரியாமையே இக்குடும்பத்தின் இலக்கணம் என்று அறுபதாண்டுக்கு மேல் கற்பிக்கப்பட்டது. 1962இல் கனடாவின் வான்கூவரில் வேதியியலாளர் நீல் பார்ட்லெட், செனானையும் செந்நிறப் பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடு ஆவியையும் பிரித்துவைத்த கண்ணாடித் தடுப்பை உடைத்தார். அறை வெப்பநிலையிலேயே இரண்டும் வினைபுரிந்து மஞ்சள் திண்மம் படிந்தது. காட்ட ஓடினால், மாலை நேரமாதலால் ஆய்வகத்தில் ஒருவரும் இல்லை.

2016இல் இதே தொகுதியில் இடம்பெறும் 118ஆம் தனிமத்துக்கு ஒகனேசான் என்று பெயர் சூட்டப்பட்டது. ‘ஆன்’ என்ற ஈறு 18ஆம் தொகுதிக்கு உரிய அடையாளம். ஹீலியத்துக்கு மட்டும் அது இல்லை. பெயரிட்ட காலத்தில் அதை உலோகம் என்று எண்ணி, சோடியத்தைப் போலவே ‘இயம்’ சேர்த்துவிட்டார்கள்.