தரைக்கு அடியில் போகும் பணம்

தோட்டத்து மூலையில் நாலு நாற்காலி போட்டு உட்கார ஒரு சின்னக் கல்தளம் வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. மேஸ்திரி வருகிறார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறார், காலால் மண்ணை ஒரு தட்டு தட்டுகிறார், ஒரு தொகை சொல்கிறார். உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "என்னங்க அநியாயமா இருக்கு? கல்லு விலையே அதுல பாதிகூட இல்லையே!" என்கிறீர்கள்.

இந்தச் சண்டைக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். கொஞ்சம் பழைய ரோமாபுரி வரை போய்விட்டு வருவோம், வாருங்கள்.

வசதியுள்ள ரோமானியர் வீடுகளில் பின்கட்டில் ஒரு தோட்டம் இருக்கும். சுற்றிலும் தூண்கள், நடுவில் செடிகள், நீரூற்று, உலாவுவதற்குத் தளம் போட்ட தாழ்வாரம். 'பெரிஸ்டைல்' என்பார்கள். அதைக் கட்டித் தரக் கான்ட்ராக்டர்கள் இருந்தார்கள். கான்ட்ராக்டர் இருந்தால் ரேட் தகராறும் இருக்கும் இல்லையா?

கேட்டோ என்றொரு பெரியவர். படு சிக்கனக்காரர். கி.மு. 160 வாக்கில் விவசாயம் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில், பண்ணை வீடு கட்ட எப்படிக் கான்ட்ராக்ட் போடுவது என்று விவரம் இருக்கிறது. மரம், கல், சுண்ணாம்பு, மணல் எல்லாம் முதலாளி தர வேண்டும். கூலியைக் கூரையில் எத்தனை ஓடு என்று எண்ணிக் கணக்குப் போட வேண்டும். இன்றைக்குச் சதுர அடி ரேட் மாதிரி, அன்றைக்கு ஓட்டு ரேட்! இன்னொன்றும் சொல்கிறார். கோடையில் வேலை செய்ய முடியாத அளவுக்கு நோய் பரவும் இடமாக இருந்தால், நல்ல முதலாளி கூலியில் கால் பங்கு கூட்டிக் கொடுப்பாராம். ஒரே வேலைக்கு ஊருக்கு ஊர் ஏன் ரேட் மாறுகிறது என்பதற்கு அந்தக் கஞ்ச மகாபிரபுவே சொன்ன நியாயம் இது.

அடுத்து, பேச்சு வன்மைக்குப் பேர்போன சிஸரோ. கி.மு. 54-ல் அவருடைய தம்பி குவின்டஸ், சீஸரின் படையோடு வடக்கே போயிருந்தார். ஊரில் தம்பியின் பண்ணை வீடுகளில் கட்டட வேலை. அண்ணன்தான் மேற்பார்வை. போய்ப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுகிறார். திஃபிலஸ் என்ற கான்ட்ராக்டர் எப்போதும் மெதுவாம், இப்போது அவரைவிட அவரே மெதுவாகிவிட்டாராம்! தளம் சரியாகத்தான் போடுகிறார்கள், ஆனால் தூண்கள் நேராகவும் இல்லை, ஒரே வரிசையிலும் இல்லை. இடித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டியதுதான். தூக்குக்குண்டு பிடிக்க அந்த மனிதர் என்றைக்காவது கற்றுக்கொள்வார் என்று ஒரு குத்தலும் உண்டு. தூண் கோணல் என்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தளத்தில் அப்படித் தெரியாது. எல்லாம் அடியில் அல்லவா இருக்கிறது?

அந்த அடியில் என்ன இருக்கிறது என்று விளக்கமாக எழுதி வைத்தவர் விட்ருவியஸ். கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த கட்டடக் கலைஞர். திறந்தவெளித் தளம் போட அவர் சொல்லும் முறையைக் கேளுங்கள். முதலில் கைமுஷ்டிக்குக் குறையாத கற்களைப் பரப்ப வேண்டும். அதன்மேல் உடைகல்லும் ஓட்டுத் தூளும் சுண்ணாம்பும் கலந்த ஜல்லி. ஆட்களை அணி அணியாக நிறுத்தி, மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்க வேண்டும். இறுகிய பிறகு அது ஓர் அடி கனம் இருக்க வேண்டும். அதன்மேல் ஓட்டுத் தூளும் சுண்ணாம்பும் கலந்த இன்னொரு பூச்சு, ஆறு விரல்கடை கனத்துக்கு. அதற்கும் மேலேதான் நீங்கள் பார்க்கும் கல்!

தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் எவ்வளவு? பத்தடிக்கு இரண்டு விரல்கடை என்கிறார். ரோமானிய அடிக்கு 16 விரல்கடை. கணக்குப் போட்டால் 80-க்கு 1. இன்று இங்கிலாந்தில் தோட்டத்துத் தளம் போடுபவர்களைக் கேளுங்கள், வழவழப்பான கல்லுக்கு 80-க்கு 1 வாட்டம் என்பார்கள். இரண்டாயிரம் வருஷத்தில் மழைநீர் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை!

எஸ்டிமேட் எகிறுவது பற்றியும் விட்ருவியஸ் புலம்பியிருக்கிறார். கிரேக்க நகரமான எஃபெஸஸில் ஒரு பழைய சட்டம் இருந்ததாம். பொதுக் கட்டடம் கட்டுபவர் முதலிலேயே செலவைச் சொல்லிவிட வேண்டும். வேலை முடிகிறவரை அவர் சொத்து அதிகாரியிடம் அடமானம். சொன்ன தொகைக்குள் முடித்தால் மரியாதை. கால் பங்கு வரை கூடினால் ஊர்ப் பணம் கொடுக்கும். அதற்கும் மேலே போனால் மிச்சம் அவர் சொத்திலிருந்து! இந்தச் சட்டம் ரோமிலும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், தனியார் வீடுகளுக்கும் சேர்த்து வர வேண்டும் என்று பெருமூச்சு விடுகிறார்.

ரோமில் சட்டம் வரத்தான் செய்தது. ஆனால் வேறு மாதிரி.

கி.பி. 301. பேரரசர் டயோக்ளீஷியன். முந்தைய அரசர்கள் காலத்திலேயே வெள்ளி நாணயத்தில் வெள்ளி பேருக்குத்தான் இருந்தது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. அரசர் என்ன நினைத்தார்? எல்லாம் பேராசைக்காரர்கள் செய்யும் வேலை! ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்கும் வேலைகளுக்கும் உச்ச விலை நிர்ணயித்துக் கல்லில் வெட்டி ஊர் ஊராக வைத்தார். மீறினால் மரண தண்டனை. சரக்கைப் பதுக்கினாலும் அதே கதி.

அந்தப் பட்டியலில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். சாப்பாடு போட்டு ஒரு நாள் கூலி: பண்ணை ஆளுக்கு 25 டினாரியஸ். கல் கொத்தனாருக்கு 50, பளிங்கு வேலைக்காரருக்கு 60. சுவருக்கு வர்ணம் அடிப்பவருக்கு 75, உருவப்படம் வரைபவருக்கு 150. ஒரு ராத்தல் பன்றிக்கறி 12 டினாரியஸ். அதாவது கொத்தனார் நாள் முழுக்க உழைத்தால் நாலு ராத்தல் கறி. இதில் கொள்ளை லாபம் எங்கே இருக்கிறது?

சரி, பணம் எங்கேதான் போகிறது? பட்டியலின் இன்னொரு வரியைப் பாருங்கள். 1,200 ராத்தல் (நம் கணக்கில் ஏறத்தாழ 400 கிலோ) ஏற்றும் வண்டிக்கு மைலுக்கு 20 டினாரியஸ். பத்தடிக்குப் பத்தடி ஒரு தளத்தை விட்ருவியஸ் முறைப்படி போட்டால், நான் போட்டுப் பார்த்த கணக்கில் கல்லுக்கு அடியில் மட்டும் சுமார் 6 டன் சரக்கு போகிறது. 15 வண்டி. அதெல்லாம் 10 மைல் தள்ளியிருந்து வருகிறது என்றால் வண்டி வாடகை மட்டும் 3,000 டினாரியஸ். ஒரு கொத்தனாரின் 60 நாள் கூலி! இன்னும் குழி தோண்டவில்லை, கட்டையால் அடிக்க ஒரு ஆளையும் கூப்பிடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் காசு போகிறது. ரேட்டை அதட்டிக் குறைத்தால் முதலில் குறைவதும் அங்கேதான். மேலே கல் பளபளவென்று இருக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டிய பிறகுதான் ஒரு மூலை இறங்கும், தண்ணீர் தேங்கும்.

டயோக்ளீஷியன் சட்டம் என்ன ஆயிற்று? அதே காலத்தில் வாழ்ந்த லாக்டான்ஷியஸ் எழுதியிருக்கிறார். பயத்தில் சரக்கெல்லாம் சந்தையை விட்டே மறைந்துவிட்டது, அற்ப விஷயங்களுக்கெல்லாம் ரத்தம் சிந்தியது, பலர் செத்த பிறகு வேறு வழியில்லாமல் சட்டத்தைக் கைவிட்டார்கள் என்கிறார். அவருக்கு அரசரைக் கண்டாலே ஆகாது, அதனால் கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கலாம். ஆனால் விலை அடங்கவில்லை என்பது மட்டும் உண்மை.

கி.பி. 305-ல் டயோக்ளீஷியன் பதவியை விட்டு விலகி, ஏட்ரியாட்டிக் கடலோரம் தனக்கென்று கட்டிய மாளிகைக்குப் போய்விட்டார். இன்றைய குரோஷியாவில், ஸ்ப்ளிட் நகரத்தின் நடுவே அது இருக்கிறது. பக்கத்து பிராச் தீவிலிருந்து கடல் வழியாக வந்த வெள்ளைக் கல், எகிப்திலிருந்து வந்த தூண்கள். தூண்கள் சூழ்ந்த அந்த முற்றத்தில் இன்றும் சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். அதைக் கட்டிய கொத்தனார்களுக்கு நாள் கூலி 50 டினாரியஸ்தானா என்று அரசரிடம் கேட்க அன்றைக்கு யாருக்குத் தைரியம் இருந்திருக்கும்!