உழைப்பவன் பாட்டு: உரமா, உறக்கமா?



எதிரணி நண்பர் கேட்டார்: "பாட்டுல தொழிலாளியைப் புகழ்ந்தான், சரி. பையில காசு சேர்ந்துச்சா? சினிமாப் பாட்டு அவனைத் தூங்கத்தான் வச்சது!" ஐயா, தூங்குற தம்பியைத் தட்டி எழுப்பின கவிஞன் பொறந்த மண்ணுல நின்னுக்கிட்டா இப்படிச் சொல்றீங்க? (சிரிப்பு, கைதட்டல்)

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1930-ல் பிறந்தார், 1959-ல் மறைந்தார். 29 வயசுதான்! விவசாயக் குடும்பம், பொதுவுடைமை இயக்கம், பல தொழில் பார்த்த கை. 1960-ல் வந்த 'இரும்புத்திரை' ஆலைத் தொழிலாளர் கதை. அதுல அவர் எழுதின பாட்டு ஒண்ணு. வாங்கின சம்பளம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள எங்கே மாயமாச்சுன்னு கேட்கிற பாட்டு. கேட்டவங்க சிரிச்சாங்க. ஏன்? எல்லார் வீட்டுக் கணக்கும் அதுதானே!

இது நம்ம ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவிலே 'கன்ட்ரி' பாட்டுன்னு ஒண்ணு உண்டு. சாதாரண உழைப்பாளி மனசைப் பாடுற பாட்டு. சுரங்கத் தொழிலாளியின் மகன் மெர்ல் டிராவிஸ் 1946-ல் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். 1955-ல் டென்னசி எர்னி ஃபோர்டு பாடி அது நாடெங்கும் ஒலித்தது. பதினாறு டன் கரி அள்ளியும் கடன் தீராதவன் கதை. அந்தக் காலத்துல பல சுரங்கக் கம்பெனிகள் கூலியைக் காசாத் தராம, தங்கள் கடையில மட்டும் செல்லுற சீட்டாத் தந்தன. அப்புறம் கடன் எப்படித் தீரும்?

நடுவர் அவர்களே, என் அப்பா ஆம்பூர்ல தோல் ஷாப்புத் தொழிலாளி. சுண்ணாம்புத் தொட்டியில ஊறின தோலைத் தூக்கித் தூக்கி விரல் வெந்த மனுஷன். பஸ்ஸுல பக்கத்துல உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்துவார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்குவார். ஆனா சனிக்கிழமை ராத்திரி அந்த 'இரும்புத்திரை' பாட்டை முணுமுணுத்துக்கிட்டே கூலியை எண்ணுவார். எங்கம்மா அவரை ஒருநாளும் ஊதாரின்னு சொன்னதில்லை. குறை செலவுல இல்லை, கூலியில இருக்குன்னு அந்தப் பாட்டு எங்க வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. (கைதட்டல்)

பாட்டு கூலி வாங்கித் தராது, ஒத்துக்கிறேன். சங்கம்தான் வாங்கித் தரும். 1923-லேயே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார் சிங்காரவேலர். ஆனா சங்கத்துக்கு வர்றவன் முதல்ல தலைநிமிர்ந்து நடந்து வரணுமே! வெட்கப்பட்டுக் குனிஞ்சவன் உரிமை கேட்பானா? அந்த வெட்கத்தைத் துடைச்சது பாட்டு.

மீனவனுக்கு 1964-ல் 'படகோட்டி' வந்தது. ரிக்‌ஷா இழுத்தவனுக்கு 1971-ல் 'ரிக்‌ஷாக்காரன்' வந்தது. உலகத்துக்கே செருப்பும் ஷூவும் தைக்கிற இந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக் கைகளுக்கு, ஊரே வாய்விட்டுப் பாட ஒரு பாட்டு எங்கே? பாட்டு உறங்க வைக்கும்னா, அது இல்லையேன்னு என் நெஞ்சு ஏன் ஏங்குது?

உழைப்பவனுக்குப் பாட்டு உரமே! உரமே!