ரீகண்டிஷன்

வெளிநாட்டில், பெரும்பாலும் ஜப்பானில், ஓடிய பின் இலங்கைக்கு இறக்குமதியாகி, இங்கே இன்னும் பதிவாகாத வாகனம். மூலம் லத்தீன்: 'கொண்டிகியோ' என்றால் கூடிப் பேசி முடித்த உடன்பாடு. ஆங்கிலத்தில் அது நிபந்தனையையும் ஒரு பொருளின் நிலையையும் குறித்தது. முன்னே 'ரீ' சேர, பழுது நீக்கி நல்ல நிலைக்குக் கொண்டுவருதல் என்றானது. இலங்கை வழக்கில் பழுது நீக்கம் கழன்று, இறக்குமதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"ரீகண்டிஷனோ, பாவிச்சதோ?" என்று மன்னாரில் கேட்பார்கள். இரண்டும் பாவித்தவைதான், ஒன்று ஜப்பான்காரர் பாவித்தது, மற்றது நம்மவர். பென்ஸ், பிஎம்டபிள்யூ நிறுவனங்கள் தாமே சோதித்து உத்தரவாதத்துடன் விற்கும் பழைய கார் வேறு வகை. ரீகண்டிஷனுக்குச் சாட்சி, காரின் நிலைக்குத் தரப்புள்ளி இடும் ஜப்பானிய ஏலத்தாள். அதில் 4.5 என்றால் திறம். 'ஆர்' என்றால் அடிபட்டுத் திருத்தியது. வேடிக்கை என்னவென்றால், சொல்லின் நேர்ப்பொருளுக்குப் பொருந்தும் அந்த 'ஆர்' காரைத்தான் வாங்குபவர்கள் ஒதுக்குவார்கள்.

2020 மார்ச்சில் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் உள்ளூரில் ஓடியதே கதி. பேசாலை, தலைமன்னார் உப்புக்காற்றில் நின்ற காருக்கு ஏலத்தாள் ஏது? அடியில் குனிந்து கறளைத் தேடவேண்டியதுதான்.