பாலாற்றின் தலைமாட்டில் மூன்று அரசுகள்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கும், அவற்றைச் சுற்றி எழுந்த லைன் வீடுகளுக்கும் தண்ணீர் கொடுத்தது பேத்தமங்கலம் ஏரி. நந்திமலைப் பக்கம் பிறக்கும் பாலாறு அதை நிறைத்து, குப்பம் வழியாக ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு இறங்குகிறது. ஆற்றின் நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222-ம் தமிழ்நாட்டில். 1903 நவம்பரில் மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்தபோது மூழ்கியது வாணியம்பாடி. மேட்டில் நடப்பதற்குப் பள்ளம் விலை கொடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, 1892-இல், சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் போட்டிருந்தன. பாலாறும் அதில் உண்டு. ஆனால் அங்கே பேசப்பட்டது பாசனம்தான். காட்டைப் பற்றி அதில் பேச்சில்லை. அந்தக் குறை இன்றும் தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1980-களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் குப்பம், பலமநேர்க் காடுகளுக்குப் பெயர்ந்தன. ஆந்திர அரசு 1990-இல் கௌண்டின்யா சரணாலயத்தை அறிவித்தது. கோலார் மாவட்டத்திலும் கம்மசந்திரா சரணாலயம் வந்தது. கௌண்டின்யா என்பது பாலாற்றின் துணையாறு ஒன்றின் பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காட்டில் பெய்யும் மழைதான் குடியாத்தத்துக்கு மேலே மோர்தானா அணையை நிரப்புகிறது. அப்படியிருக்க, யானையை வனத்துறையும், அணையை நீர்வளத்துறையும் தனித்தனிக் கோப்பில் வைத்திருப்பது பெரும் பிழை. கோடையில் காட்டுக் குட்டை வற்றினால் யானை ராகிக் கொல்லைக்கு வரும். அங்கே மின்வேலி காத்திருக்கும்.

நீரின் தரமும் இதே கணக்கில் சேர வேண்டும். 2018 முதல் கே.சி. வேலி (பள்ளத்தாக்கு) திட்டத்தின் மூலம் பெங்களூருவின் கழிவுநீர், இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு கோலார் ஏரிகளுக்கு வருகிறது. திட்டமிட்ட அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். வறண்ட மாவட்டத்துக்கு அது பெரிய வரவு. கிணறுகளுக்கு ஊற்றும் கிடைக்கிறது. ஆனால் மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பையும் சேர்த்த பிறகே ஏரிக்கு விட்டிருக்க வேண்டும். கழிவை முன்கூட்டியே கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பாடம் தங்கவயலில் கண்ணெதிரே குவிந்து கிடக்கிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் பிரித்தபின் மிஞ்சிய, மூன்று கோடி டன்னுக்கும் மேலான ஆலை மணல் மட்டும் 'சயனைடு மேடு' என்ற பெயரோடு நின்றுவிட்டது. கோடையில் அது தூசியாகப் பறக்கிறது, மழையில் ஓடைகளில் இறங்குகிறது. எடுத்தவர்கள் போன பின் மிச்சத்துக்கு யார் பொறுப்பேற்பது என்பதை முன்கூட்டி எழுதி வைக்காததன் விளைவு இது.

மூன்று மாநிலங்களின் வனத்துறையும் நீர்வளத்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பாலாற்றுத் தலைநிலத்துக்கு ஒரே திட்டம் வகுக்க வேண்டும். முதல் வேலையாக, பேத்தமங்கலத்திலும் மோர்தானாவிலும் காட்டுக் குட்டைகளிலும் உள்ள நீரின் அளவையும் தரத்தையும் மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வெளியிடட்டும்.