மோட்டாரைத் திருப்பிய கதை

1989-ஆம் வருடம். மகனின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சின்ன கிரேன் செய்துகொண்டிருந்தேன். பழைய பொம்மைக் காரில் கழற்றிய 6 வோல்ட் மோட்டார். ஒரு பக்கம் சுற்றினால் கொக்கி ஏற வேண்டும், மறுபக்கம் சுற்றினால் இறங்க வேண்டும்.

இந்த மாதிரி காந்த மோட்டாரைத் திருப்ப பிளஸ், மைனஸை மாற்றினால் போதும். ஆறு முனை சுவிட்ச் ஒன்றில் குறுக்கே வயர் இழுத்தால் வேலை முடிந்தது. எனக்கோ டிரான்சிஸ்டர் மோகம். ரிச்சி தெருவில் எஸ்எல்100, எஸ்கே100 இரண்டிரண்டு வாங்கி, ‘எச்’ வடிவத்தில் இணைத்தேன். நன்றாகத்தான் ஓடியது. கண்காட்சிக்கு முந்தின ராத்திரி கொக்கி மேலே போய்ச் சிக்கி மோட்டார் நின்றது. இரண்டு டிரான்சிஸ்டர்கள் புகைந்தன. மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். ஓடும்போது மோட்டார் இழுத்தது கால் ஆம்பியர். ஆனால் சுருளின் தடை 3 ஓம். சுற்றாமல் நின்றால் 6-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும், 2 ஆம்பியர்! என் டிரான்சிஸ்டர் தாங்குவது அரை ஆம்பியர். ஓடும்போது சட்டென்று திருப்பினால் இன்னும் மோசம். விடிவதற்குள் சுவிட்சுக்கே மாறினேன். கிரேன் கண்காட்சிக்குப் போனது.

இதே தலைவலியை இத்தாலியில் பெரிய அளவில் தீர்த்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 1985-இல் எஸ்ஜிஎஸ் நிறுவனத்தில் புரூனோ முராரி குழுவினர், கட்டுப்பாட்டுச் சுற்றையும் பவர் டிரான்சிஸ்டர்களையும் ஒரே சில்லில் அடக்கினார்கள். எல்6202 என்ற அந்தச் சில்லு மோட்டாரைத் திருப்பும் பாலம்தான். 60 வோல்ட், 5 ஆம்பியர் வரை தாங்கும். 2021-இல் ஐஇஇஇ அமைப்பு அந்தத் தொழில்நுட்பத்தை மைல்கல்லாக அறிவித்தது.

போன மாதம் பேரன் எல்298 போர்டு ஒன்று வாங்கி வந்தான். “தாத்தா, 6 வோல்ட் கொடுத்தும் மோட்டார் மந்தமா ஓடுது” என்றான். அது பழைய பைபோலார் ரகம். 1 ஆம்பியருக்கே சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும். எல்293டி-யும் அதே ரகம்தான். டயோடு உள்ளேயே இருந்தாலும் 0.6 ஆம்பியர்தான் தாங்கும். குறைந்த வோல்ட்டுக்கு மாஸ்ஃபெட் வகையே நல்லது என்றேன்.

“எத்தனை ஆம்பியருக்கு வாங்கறது தாத்தா?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. மீட்டரை எடுத்துக் கையில் கொடுத்தேன்.