யப்பானிய அதீத கற்பனைச் சித்திரக்கதைகளின் முதற்றொகுதிகள் – ஒரு வரலாற்று நோக்கு

தொடராக வெளிவந்து பின்னர் நூலுருப் பெறும் ஓர் ஆக்கத்தை அதன் முதற்றொகுதியைக் கொண்டு மதிப்பிடலாமா என்னும் வினா, யப்பானியச் சித்திரக்கதை வரலாற்றில் வெறும் இரசனைப் பிரச்சினையாக இருந்ததில்லை. படைப்பாளியின் சீவனோபாயத்தையும் படைப்பின் ஆயுளையும் தீர்மானிக்கும் வினாவாகவே அது இருந்து வந்துள்ளது. 'மங்கா' என வழங்கப்படும் இச்சித்திரக்கதைகளுள் அதீத கற்பனை சார்ந்தவற்றில் இப்பிரச்சினை மேலும் கூர்மை பெறுகின்றது. பாடசாலையையோ விளையாட்டு மைதானத்தையோ களமாகக் கொண்ட கதையில், வாசகன் அறிந்த உலகமே கதையின் உலகமாகும். அதீத கற்பனைக் கதையிலோ உலகமே புதிதாக ஆக்கப்படல் வேண்டும். அதன் நிலமும் நியதியும் தெய்வமும் மரணமும் தொடக்கத்திலேயே ஓரளவுக்கு நிறுவப்படல் வேண்டும். அதேவேளை, வாசகனை உடனடியாகப் பிணிக்கவும் வேண்டும். ஒன்று பொறுமையை வேண்டி நிற்பது. மற்றையது வேகத்தை வேண்டி நிற்பது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது, சிறந்த படைப்பாளிகள் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பவற்றை வரலாற்றடிப்படையில் நோக்கி, அதன்வழி முதற்றொகுதிகளை விமர்சிப்பதற்கான அளவுகோலொன்றைக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், ஒசாக்கா நகரிலே மலிவுப் பதிப்புகளாகச் சித்திரக்கதை நூல்கள் பெருகின. அட்டைகளில் மிகுந்திருந்த சிவப்பு மையின் காரணமாக இவை 'செந்நூல்கள்' எனப்பட்டன. இனிப்புக் கடைகளிலும் விளையாட்டுப் பொருட் கடைகளிலும் விற்கப்பட்ட இந்நூல்களின் வழியாகவே தெசுக்கா ஒசாமு புகழ்பெற்றார். சக்காய் ஷிச்சிமாவுடன் இணைந்து அவர் ஆக்கிய 'புதிய புதையல் தீவு' 1947இல் வெளிவந்தது. அது நான்கு இலட்சம் பிரதிகள் விற்பனையானதாகக் கூறப்படுவதுண்டு. 1949இல் வெளிவந்த அவரது 'மெற்றோபொலிஸ்' ஒரே நூலிலே தொடங்கி ஒரே நூலிலே முடிவுற்றது. இங்கு மனங்கொள்ள வேண்டியது யாதெனில், செந்நூல் மரபில் முதற்றொகுதி என்னும் பிரச்சினையே எழவில்லை என்பதாகும். படைப்பாளி தன் கதையின் முடிவை அறிந்தே தொடக்கத்தை வரைந்தார். வாசகனும் முழுமையையே விலைகொடுத்து வாங்கினான்.

1950களில் தோக்கியோச் சிறுவர் சஞ்சிகைகள் செல்வாக்குப் பெற்றதோடு இந்நிலை மாறியது. ஆண்மனம், பெண்மனம் ஆகிய இரண்டையும் பெற்றுப் பிறந்த இளவரசி சபாயரின் கதையாகிய 'நாடா வீரன்' 1953இல் சிறுமியர் சஞ்சிகையொன்றிலே மாதத் தொடராக ஆரம்பமாயிற்று. 1959 மார்ச் 17ஆந் திகதி 'ஷோனென் மகசின்', 'ஷோனென் சண்டே' ஆகிய இரு வார சஞ்சிகைகளும் ஒரே நாளில் தோன்றின. 1968இல் தோன்றி மறுவருடம் வாரப் பதிப்பாகிய 'ஷோனென் ஜம்ப்', வாசகர் தபாலட்டைகளின் மூலம் பெறப்படும் கருத்துக்கணிப்பைத் தன் ஆசிரிய பீடத்தின் ஆட்சிக் கருவியாக ஆக்கிக்கொண்டது. தத்தமக்குப் பிடித்தமான கதைகளை வாசகர் வரிசைப்படுத்தி அனுப்புவர். தொடர்ந்து கீழிடம் பெறும் கதை பத்து வாரங்களளவில் நிறுத்தப்படுதலும் உண்டு. 1990களின் நடுப்பகுதியில் இச்சஞ்சிகையின் ஓர் இதழ் 65 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சிடப்பட்டது என்பதை நோக்கின், அவ்வாக்கெடுப்பின் பாரம் புலனாகும்.

இவ்விடத்தில் எளிய கணக்கொன்று பெரிய உண்மையை உணர்த்துகின்றது. வாரந்தோறும் வெளிவரும் அத்தியாயம் ஏறத்தாழ 19 பக்கங்களைக் கொண்டது. நூலுருவில் வரும் தொகுதியோ ஏறத்தாழ 200 பக்கங்களைக் கொண்டது. அஃதாவது, ஒரு கதை பிழைக்குமா மடியுமா என்பது தீர்மானிக்கப்படும் அந்தப் பத்து வாரங்களே பின்னர் முதற்றொகுதியாக உருப்பெறுகின்றன. எனவே முதற்றொகுதியைப் பெருந்திட்டமொன்றின் நிதானமான முதலாம் பாகமாகக் கொள்ளுதல் பொருந்தாது. தீர்ப்பை அறியாத நிலையில் வாரத்துக்கொன்றாகச் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பங்களின் கோவையே அது. நாவலொன்றின் முதலாம் பாகத்தை மதிப்பிடும் அளவுகோலை இதற்கு அப்படியே பிரயோகிப்பது வரலாற்றுணர்வற்ற செயலாகும்.

எனினும், நூலுருவம் சஞ்சிகையின் தீர்ப்பை மறுதலித்த சந்தர்ப்பமும் உண்டு. ஹாகியோ மோத்தோ 1972இல் எழுதத் தொடங்கிய 'போ குலத்தார்', இரத்தம் உண்டு என்றும் முதுமையுறாது வாழும் எட்கார் என்னும் சிறுவனைப் பற்றியது. கால ஒழுங்கைக் குலைத்து, தனித்தனிக் கதைகளாக அமைந்த ஆக்கம் இது. 1974இல் ஹாகியோவின் பிறிதொரு தொடரான 'தோமாவின் இதயம்' ஆரம்பமானபோது, முதற் கருத்துக்கணிப்பிலேயே அது கடைசியிடத்தைப் பெற்றது. அதனை நிறுத்திவிட ஆசிரிய பீடம் விரும்பியது. அவ்வேளையிலேதான் 'போ குலத்தார்' முதற்றொகுதி வெளிவந்து, அச்சிடப்பட்ட 30,000 பிரதிகளும் மூன்று நாட்களில் விற்றுத் தீர்ந்தன. இவ்விற்பனை ஹாகியோவின் நிலையை வலுப்படுத்தியது. 'தோமாவின் இதய'மும் முற்றுப்பெற்றது. அவசரமாக வாக்களிக்கும் வாசகனும், நூலைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பும் வாசகனும் ஒருவரல்லர் என்பதை இந்நிகழ்ச்சி பதிப்பாளருக்கு உணர்த்திற்று எனலாம். அதீத கற்பனைக் கதையொன்றின் முதற்றொகுதி, அதற்குத் தொடர்பற்ற இன்னொரு படைப்பின் உயிரைக் காத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

வாக்கெடுப்பு முறை கதையின் உள்ளடக்கத்தையே மாற்றியமைத்தமைக்குத் தொரியாமா அக்கிராவின் 'டிராகன் போல்' தக்க சான்றாகும். 1984இல் தொடங்கி 1995இல் முடிவுற்று, 42 தொகுதிகளாக விரிந்த படைப்பு இது. 1985இல் வெளிவந்த முதற்றொகுதி, 'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் 16ஆம் நூற்றாண்டுச் சீன நாவலைத் தழுவியெழுந்த வேடிக்கை யாத்திரையாகும். அந்நாவலுக்கு மூலபுருடராக விளங்கியவர், 7ஆம் நூற்றாண்டில் பாரதம் வந்து காஞ்சிபுரத்தையும் பற்றிக் குறிப்பெழுதிய யுவான் சுவாங் ஆவார். குரங்கு வாலுடைய சிறுவன் கோக்கு, புல்மா என்னும் பெண்ணுடன் ஏழு மாயக் கோளங்களைத் தேடிச் செல்வதே தொடக்கக் கதை. அத்தேடல் இரண்டாம் தொகுதியிலேயே முடிவடைந்துவிடுகின்றது. தொடக்கத்திற் பெற்ற வரவேற்பு தளர்ந்தபோது, ஆசிரியர் தொரிஷிமாவின் தூண்டுதலால் கோக்குவின் பயிற்சியும் மல்லர் போட்டியும் கதையின் மையமாயின. முதற்றொகுதி வாக்களித்தது யாத்திரையை. வாசகர் இறுதியிற் பெற்றதோ போர்ப் பரம்பரையை. இதனைக் குறையெனக் கூறுவோருளர். ஆனால் முதற்றொகுதியில் உள்ள இலேசான நடையும், எவ்வுயிரும் எந்நேரமும் வழியில் எதிர்ப்படலாம் என்னும் திறந்த தன்மையுமே இத்திருப்பத்துக்கு இடமளித்தன. இறுகிய நியதிகளை முதலிலே வகுத்திருந்தால் கதை வளைந்திராது, முறிந்திருக்கும்.

வாக்கெடுப்பின் பிடிக்கு வெளியே நின்ற படைப்பு மியசாக்கி ஹயாவோவின் 'காற்றுப் பள்ளத்தாக்கின் நவுசிக்கா' ஆகும். அசைவுச் சித்திரத் திரைப்படங்களைப் பற்றிய 'அனிமேஜ்' சஞ்சிகையில் 1982 பெப்ரவரி தொட்டு 1994 மார்ச் வரை, பலமுறை இடைநிறுத்தப்பட்டு, அது வெளிவந்தது. முழு நூல் ஏழு தொகுதிகளே. நச்சுவாயுவைக் கக்கும் பூஞ்சைக் காடும் அதனைக் காக்கும் மாபெரும் பூச்சிகளும் நிறைந்த உலகத்தை, முதற்றொகுதி நெருக்கமான கோடுகளால் ஆறுதலாக விரித்துரைக்கின்றது. 1984இல் மியசாக்கி தாமே நெறிப்படுத்திய திரைப்படம், பெரும்பாலும் முதலிரு தொகுதிகளின் கதையையே தழுவியது. மாசடைந்த மண்ணைக் காடு தூய்மையாக்குகின்றது என்பதும், அன்பினால் இயற்கையோடு இணக்கம் காணலாம் என்பதும் திரைப்படம் தரும் ஆறுதல். ஆனால் பிந்திய தொகுதிகள் இவ்விடையைத் தலைகீழாக்குகின்றன. காடே பண்டை மனிதரால் திட்டமிட்டு ஆக்கப்பட்டது. இன்றைய மனிதர் நஞ்சுக்கு இசைவாக்கப்பட்டவர்களாதலின், தூய்மையான உலகில் அவர்களுக்கு வாழ்வில்லை. தூய எதிர்காலத்தைப் பேணி வைத்திருந்த ஷுவாவின் சமாதியை நவுசிக்காவே அழிக்கின்றாள். முதற்றொகுதிகளின் மீது படைப்பாளி தாமே அளித்த தீர்ப்பாகத் திரைப்படத்தைக் கொள்ளின், அத்தீர்ப்பைப் பத்து வருடங்களின் பின் அவரே மாற்றி எழுதினார் என்றாகின்றது. படைப்பாளிக்கே இந்நிலையெனில், ஒரு தொகுதியை வாசித்து முடிவு கூறும் விமர்சகன் எத்துணை அடக்கம் உடையவனாதல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

முதற்றொகுதி வாசகனை வேண்டுமென்றே தவறான வழியில் இட்டுச் செல்வதும் உண்டு. மியுரா கெந்தாரோவின் 'பெர்செர்க்' 1989இல் தொடராகத் தொடங்கி, 1990இல் முதற்றொகுதியாக வெளிவந்தது. ஒற்றைக்கண், இரும்புக்கை, ஆளுயர வாள், கழுத்திலே குருதி கசியும் சூட்டுக்குறி ஆகியவற்றோடு தோன்றும் கட்ஸ், பிசாசுகளை வேட்டையாடுகின்றான். தனக்கு வண்டியில் இடமளித்த பாதிரியாரும் சிறுமியும் தன்னைத் தொடரும் ஆவிகளால் மடிவதைக் காண்கின்றான். இரக்கமற்ற வன்முறைக் கதை இதுவென ஒதுக்கியோர், அத்தொகுதியை மட்டும் நோக்குமிடத்து முற்றிலும் தவறிழைத்தவரல்லர். ஆயின், மூன்றாம் தொகுதியில் கதை பின்னோக்கிச் சென்று, கட்ஸின் இளமையையும், கிறிபித்துடனான நட்பையும், அந்நட்பு துரோகமாக முடிந்தமையையும் நீண்ட பல தொகுதிகளில் உரைக்கின்றது. முன்பு மூர்க்கமாகத் தோன்றியதெல்லாம் அதன் பின் காயமாகத் தெரிகின்றது. 2021இல் மியுரா காலமானார். முடிவை அவர் வரையவில்லை. அவரது நண்பர் மொரி கோஜியின் மேற்பார்வையில், மாணாக்கர் 2022 முதல் தொடரைக் கொண்டு செல்லலாயினர். தொடக்கத்தை ஒருவர் கையும் தொடர்ச்சியைப் பிறர் கையும் வரையும் நிலையில், முதற்றொகுதி உயில் ஒன்றின் தன்மையையும் பெற்றுவிட்டது.

இதற்கு மாறாக, முதலிலேயே நியதியை வெளிப்படையாக அறிவித்து, இறுதிவரை அதற்குக் கட்டுப்பட்ட படைப்பு அரகாவா ஹிரோமுவின் 'உருக்கு இரசவாதி' ஆகும். 2001இல் மாத சஞ்சிகையொன்றில் தொடங்கி 2010இல் 27ஆம் தொகுதியோடு நிறைவுற்றது இது. ஒன்றைப் பெறுவதற்கு அதற்கு நிகரான ஒன்றைக் கொடுத்தல் வேண்டும் என்பதே அவ்வுலகின் நியதி. இறந்த தாயை மீட்க முயன்று தம் உடல்களை இழந்த இரு சகோதரர்களின் கதை, போலிச் சமயகுரு ஒருவன் ஆளும் பாலைவன நகரில் ஆரம்பமாகின்றது. இறந்தோரை எழுப்புவேன் என்னும் அவனது பொய்யை அம்பலப்படுத்துவோர், அப்பொய்க்குத் தாமே விலை கொடுத்தவர்கள். நியதியை விளக்கும் பகுதியும் வாசகனைப் பிணிக்கும் பகுதியும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன. முடிவிலே தம்பியை மீட்க எட்வேட் தன் இரசவாத ஆற்றலையே விலையாகக் கொடுக்கும்போது, முதற்றொகுதியிற் பட்ட கடன் தீர்க்கப்படுகின்றது. ஓரளவு அவகாசம் தரும் மாத வெளியீட்டு முறையும் இவ்விறுக்கத்துக்குத் துணைபுரிந்திருத்தல் கூடும்.

அண்மைக்காலப் படைப்புகளுள், யமடா கனேஹித்தோ எழுத அபே சுக்காசா வரைந்து 2020இல் ஆரம்பமான 'பிரீரென்' வேறொரு வழியைக் காட்டியது. ஏனைய கதைகள் முடியுமிடத்தில் இது தொடங்குகின்றது. அசுர மன்னனை வென்று, பத்தாண்டு யாத்திரையை முடித்துத் திரும்பும் வீரர் குழு முதற்காட்சியிலே பிரிகின்றது. ஐம்பது வருடங்களின் பின் தலைவன் ஹிம்மெல் முதுமையால் மடிகின்றான். நெடுங்கால ஆயுளுடைய பிரீரென், அவனை அறிந்துகொள்ளத் தான் முயலவில்லையே என அவன் ஈமச்சடங்கிலே அழுகின்றாள். வாசகருக்கு மரபான அதீத கற்பனையுலகம் ஏலவே பழக்கமாகிவிட்டமையால், உலகை நிறுவும் கடமையிலிருந்து இப்படைப்பாளர் பெரிதும் விடுபட்டனர். அவ்விடத்தைத் துயரத்துக்கு ஒதுக்கினர். இது 2021இல் மங்கா தாய்ஷோ விருதைப் பெற்றது. எட்டுத் தொகுதிகளுக்கு மேற்படாத ஆக்கங்களையே அவ்விருது கருத்திற் கொள்கின்றது. தொடக்கத்தைக் கொண்டு மதிப்பிடுதல் தவிர்க்க முடியாதது என்பதை ஏற்று, அதனைப் பொறுப்போடு செய்யும் முயற்சியாக இவ்விதியைக் கொள்ளலாம்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. முதற்றொகுதியின் உருவத்தைத் தீர்மானித்தது படைப்பாளியின் கற்பனை மாத்திரமன்று. செந்நூல், வார சஞ்சிகை, தபாலட்டை, மலிவுத் தொகுதி என மாறிவந்த பிரசுர முறையுமாகும். ஆகவே முதற்றொகுதியை விமர்சிப்போர், கதை நிறைவுற்றதா என வினவுதல் பொருந்தாது. அது எத்தகைய வாக்குறுதியை அளிக்கின்றது, அவ்வாக்குறுதியை அளிக்க எவ்வளவு அவகாசம் அதற்கு இருந்தது, கவர்ச்சியும் நியதியும் அதில் ஒன்றுபட்டுள்ளனவா என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள்.

மேலும் ஒன்றுண்டு. இங்கு ஆராயப்பட்டவை யாவும் பிழைத்தவை. பத்து வாரங்களில் நிறுத்தப்பட்டு, இரண்டாம் தொகுதியோடு அவசரமாக முடித்துவைக்கப்பட்ட கதைகளும் இவ்வரலாற்றுக்கு உரியவையே. அவற்றின் முதற்றொகுதிகளிலும் நிலப்படங்கள் வரையப்பட்டன; அரச வம்சங்களுக்குப் பெயரிடப்பட்டன; ஒருபோதும் நிகழாத போர்களுக்கு முன்னறிகுறிகள் காட்டப்பட்டன. அவ்வுலகங்கள் குறையுற்று நின்றமைக்குக் காரணம் எப்போதும் கற்பனையின் வறுமையன்று. சிலவேளை காலத்தின் வறுமையே. வென்றவற்றின் முதற்றொகுதிகளை அவற்றின் முடிவின் ஒளியிலே வாசிப்பது எளிது. தீர்ப்பு வருமுன் அவை எந்நிலையில் நின்றனவோ அந்நிலையில் வைத்து, தோற்றவற்றோடு அருகருகே அவற்றை வாசிப்பதே வரலாற்று மாணவனுக்கு உரிய கடமையாகும்.