கை தூக்காத பசங்களும் பேசுவாங்க... கிளாஸ் ரூமுக்கு ஒரு ஸ்டிக்கி நோட் போர்டு!

"யாருக்காவது டவுட் இருக்கா?"

டீச்சர் இப்படிக் கேட்டதும் கிளாஸே கப்சிப். டவுட் நிறைய இருக்கும். ஆனா, எழுந்து கேட்டா பக்கத்து பெஞ்ச் சிரிச்சிடுமோனு பயம். அதனால, வழக்கமா கை தூக்குற அந்த நாலு பேர் மட்டும்தான் வருஷம் முழுக்கப் பேசுவாங்க. மீதிப் பேருக்கு என்ன புரிஞ்சது, என்ன புரியலைன்னு பரீட்சை பேப்பர் திருத்தும்போதுதான் தெரியும்.

இதுக்கு ஒரு எளிய வழி, ஆன்லைன் ஸ்டிக்கி நோட் போர்டு. நீங்க ஆசிரியரா, பி.எட் மாணவரா, வீட்டுல நாலு பசங்களுக்கு டியூஷன் எடுக்குறவரா... யாரா இருந்தாலும் முயற்சி செய்து பார்க்கலாம்.

அது என்ன போர்டு?

ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுற மஞ்சள் சீட்டு தெரியும்தானே? அதையே ஸ்க்ரீனில் ஒட்டுவதுதான் இது. நீங்கள் ஒரு லிங்க் அல்லது க்யூஆர் கோடு அனுப்புவீர்கள். மாணவர்கள் அதைத் திறந்து ஆளுக்கொரு சீட்டு எழுதுவார்கள். எல்லோருடைய சீட்டும் ஒரே பலகையில் உடனுக்குடன் தெரியும். பேட்லெட், மிரோ, ஃபிக்ஜாம் எல்லாம் இந்த வகைதான். இவற்றில் பேட்லெட், 2008-ல் 'வால்விஷர்' என்ற பெயரில் ஆரம்பிக்கப்பட்டது.

யோசனை நமக்குப் புதுசு இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழகம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரமா கரும்பலகை இருக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஓர் இடம். 'எனக்கும் பலகையில் இடம் உண்டு' என்ற அதே எண்ணம்தான் இங்கேயும்.

மாமல்லபுரத்தில் ஆரம்பிப்போமா?

செங்கல்பட்டு மாவட்டத்துப் பசங்களுக்குப் பக்கத்திலேயே அருமையான பாடம் இருக்கு. மாமல்லபுரம் பாறைச் சிற்பத்தை 'அர்ஜுனன் தபசு' என்கிறோம். 'இல்லை, அது பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதை' என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இந்த விவாதத்தை அப்படியே போர்டுக்குக் கொண்டுவாங்க.

'அர்ஜுனன்', 'பகீரதன்', 'இன்னும் முடிவு பண்ணலை' என மூன்று பத்திகள் போடுங்கள். கேள்வி இதுதான்: 'சிற்பத்தில் நீ பார்த்த ஓர் ஆதாரம் சொல்.'

ஒற்றைக்காலில் நிற்கும் தவசி, எதிரே சிவன் என்பதை வைத்து ஒருவர் பாசுபத அஸ்திரம் கேட்ட அர்ஜுனன் பக்கம் போவார். நடுவில் இருக்கும் பிளவையும் அதில் மேலேறும் நாகர்களையும் காட்டி, 'இது கங்கை' என்பார் இன்னொருவர். தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் யாராவது கண்டுபிடிப்பார்கள். சரி, தப்பு என்ற பயம் இல்லாததால் கடைசி பெஞ்சிலிருந்தும் சீட்டு வரும். மூன்றாவது பத்தியை மறந்துடாதீங்க. 'தெரியலை' என்று சொல்லவும் ஓர் இடம் வேணும்.

இதையெல்லாம் கவனிங்க

* ஒரு போர்டுக்கு ஒரு கேள்வி போதும். 'பாடத்தைப் பற்றி எழுதுக' என்றால் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்து காப்பி அடிப்பார்கள்.

* பெயர் இல்லாமல் எழுத அனுமதித்தால் கூச்சம் போகும். ஆனா, கேலியும் வரலாம். நீங்கள் ஓகே செய்த பிறகே சீட்டு தெரியும்படி பேட்லெட்டில் செட்டிங் இருக்கு. அதை முதலிலேயே ஆன் செய்யுங்கள்.

* மாணவரின் முழுப்பெயர், போட்டோ, போன் நம்பர் எதுவும் வேண்டாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவல்களைக் கையாள பெற்றோர் சம்மதம் தேவை என்கிறது 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

* முடிந்ததும் போர்டை பி.டி.எஃப் ஆக சேமிச்சுக்கோங்க. பல ஆசிரியர்கள் பயன்படுத்திய கூகுளின் ஜாம்போர்டு, 2024 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது. எந்த ஆப்பும் நிரந்தரம் இல்லை.

போன் இல்லாத பசங்க?

முக்கியமான கேள்வி இது. கடலோரக் குப்பத்திலோ, உள்ளூர் கிராமத்திலோ ஒரு வீட்டுக்கு ஒரே போன்தான் இருக்கும். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளைகள் கைக்கு வரும். அதனால் 'இன்னிக்கு நைட்டுக்குள்ள போஸ்ட் பண்ணணும்' என்று சொல்லாதீங்க. பள்ளியின் ஹைடெக் லேப் இருந்தால் அங்கே குழுவாக உட்கார வைக்கலாம். அதுவும் இல்லையா? பேப்பர் சீட்டில் எழுதி வாங்கி, நீங்களே போட்டோ எடுத்து போர்டில் ஒட்டிடுங்க. போன் வச்சிருக்கிற பிள்ளையின் சீட்டும் இல்லாத பிள்ளையின் சீட்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும்.

கடைசியா ஒண்ணு. போர்டு நிரம்பியதும் வேலை முடிஞ்சிடாது. அடுத்த நாள் கிளாஸில் அதிலிருந்து மூன்று சீட்டுகளையாவது வாசித்துப் பதில் சொல்லுங்கள். தன் சந்தேகத்தை டீச்சர் வாசித்துக் கேட்ட பிள்ளை, அடுத்த முறை கையைத் தூக்கவும் வாய்ப்பிருக்கு!